25 சதத்தின் கதை: இலவச வைத்தியத்துக்கு யார் காசு கொடுக்கிறார்கள்?



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது வாசலில் துண்டு விரித்திருப்பதை நாம் எத்தனை முறை பார்த்திருக்கிறோம்? ஒரு கிழமை பைபாஸ் சத்திரசிகிச்சைக்கு, மறு கிழமை சிறுநீரக நோயாளி ஒருவருக்கு, அதற்கடுத்த கிழமை ஒரு பிள்ளையின் புற்றுநோய் மருந்துக்கு. நாமும் நூறோ ஐந்நூறோ போட்டுவிட்டு, "யா அல்லாஹ், இந்தச் சோதனையை எங்களுக்குத் தராதே" என்று துஆ கேட்டபடி வீட்டுக்குப் போகிறோம்.

பிறகு தேநீர்க் கடையில் வேறொரு பேச்சு நடக்கும். "இலவசம் இலவசம் என்றே நாட்டைக் கெடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் தலைக்கு ஒரு சின்னத் தொகை வாங்கினால் என்ன? இல்லாவிட்டால் எல்லாருக்கும் காப்புறுதி போட்டுவிட்டால் முடிந்தது." வரவு செலவுத் திட்டக் காலம் வந்தால் ஆசிரியர் ஓய்வறையிலும் இதே பேச்சுத்தான். இதைச் சொல்பவர்கள் கெட்டவர்கள் அல்லர். செலவு உண்மையிலேயே ஏறிக்கொண்டுதான் போகிறது.

ஆனால் "சின்னத் தொகை" என்பது புது யோசனை அல்ல. இந்த நாடு அதை ஒரு முறை செய்து பார்த்திருக்கிறது. நம் வீட்டுப் பெரியவர்களில் பலருக்கு அது ஞாபகம் இருக்கும். அந்தக் கதைக்கு வருமுன், நம் மாத்தளையிலிருந்தே தொடங்குவோம். நோயாளியின் செலவு யாருடையது என்ற சண்டை இந்த மண்ணில் 150 ஆண்டுகள் பழையது.

*கோப்பிக் காலம்*

கோப்பித் தோட்டங்களுக்கு வேலைக்கு வந்த தமிழ்நாட்டு மக்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே நடந்து, தம்புள்ளை, நாலந்தை தாண்டி மாத்தளைக்கு வந்து சேர்ந்தார்கள். அந்தப் பாதையில் வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் பசியாலும் விழுந்தவர்கள் ஆயிரக்கணக்கில். தப்பி வந்தவர்களும் லயத்துக்குள் நோயோடு படுத்தார்கள். 1858இல் அரசு சிவில் மருத்துவத் திணைக்களத்தைத் தொடங்கியிருந்தது. ஆனால் தோட்டத்துத் தொழிலாளியை அது எட்டவில்லை.

அப்போது எழுந்த கேள்விதான் இது: தோட்டத் தொழிலாளி நோயுற்றால் யார் செலவு செய்வது? அவருடைய உழைப்பால் இலாபம் காண்பவர் துரை, ஆகவே அவரே கொடுக்கட்டும் என்றது ஒரு பக்கம். தொழிலாளியால் அரசுக்கும் வருமானம் வருகிறது, ஆகவே அரசே கொடுக்கட்டும் என்றது துரைமார் பக்கம். ஆளுநர் வில்லியம் கிரெகரியின் காலத்தில், 1872இல், தோட்டப் பகுதிகளுக்கென மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் வந்தது. 1880இல் இன்னொரு சட்டம் வந்து நிருவாகம் அரசின் கைக்கு மாறியது. அதற்குள் 1869இல் தலைகாட்டிய இலைநோய் கோப்பியைத் தின்று தீர்த்துக்கொண்டிருந்தது. துரைமாருக்கே காசு இல்லை என்ற நிலையில் செலவுச் சண்டை இன்னும் கூடியது. 1912இல் மறுபடியும் புதிய சட்டங்கள் எழுதப்பட்டன.

இத்தனை சட்டம் எழுதியும் படுத்திருந்தவரிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை. அவருக்கு வாக்கும் இல்லை.

*மாத்தளையில் ஒரு பரிசோதனை*

1916இல் அமெரிக்காவின் றொக்பெல்லர் மன்றத்தார் கொழுக்கிப் புழு ஒழிப்பு வேலையை இலங்கையில் தொடங்கினார்கள். தொடங்கிய இடம் நம்முடைய மாத்தளைப் பகுதித் தோட்டங்கள். வெறுங்காலோடு நடப்பவரின் பாதத்தோல் வழியே புகுந்து, குடலில் ஒட்டிக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சும் புழு அது. சோதித்துப் பார்த்தால் தொழிலாளரில் மிகப் பெரும்பாலானோரின் வயிற்றில் அது இருந்தது. சோகை பிடித்தவரைத்தான் அதுவரை "சோம்பேறி" என்று திட்டிக்கொண்டிருந்தார்கள்.

மருந்து கொடுத்தார்கள், புழு விழுந்தது. சில மாதங்களில் திரும்பவும் வந்தது. ஏனென்றால் லயங்களில் மலசலகூடம் இல்லை. மருந்துக்கு ஒரு முறை காசு கொடுக்கச் சம்மதித்த துரைமாரில் பலர், மலசலகூடம் கட்டுவதற்குத் தயங்கினார்கள். அது கூடுதல் செலவு என்றார்கள். கட்டாததால் மருந்துக்குக் கொடுத்த காசும் வீணானது. செலவை மிச்சம் பிடிக்கப் போய்ச் செலவு கூடும் கதையை நாம் இதற்குப் பிறகும் சந்திப்போம்.

*பருப்பும் மார்மைட்டும்*

1931இல் இந்த நாட்டு மக்களுக்குச் சர்வசன வாக்குரிமை கிடைத்தது. மூன்றே ஆண்டில் பெரும் சோதனை வந்தது. 1934இல் மழை பொய்த்து ஆறுகள் குட்டைகளாகத் தேங்கின. குட்டைகளில் நுளம்பு பெருகியது. அவ்வாண்டின் கடைசி மாதங்களில் தொடங்கிய மலேரியா, 1935இன் நடுப்பகுதிக்குள் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டுபோனது. கேகாலையும் குருநாகலும் மிக மோசமாக அடிபட்டன.

அப்போது சில இளைஞர்கள் கிராமம் கிராமமாகப் போனார்கள். இரண்டு பேரை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்க. மற்றவர் கலாநிதி என். எம். பெரேரா. காய்ச்சலை விடப் பசிதான் பலரைக் கொல்கிறது என்பதைக் கண்ணால் கண்டு, கொயினாவோடு மார்மைட்டும் பருப்பும் கொடுத்தார்கள். என். எம். பெரேராவை மக்கள் "பருப்பு மாத்தயா" என்றே அழைத்தார்கள். 1936இல் அந்தப் பகுதியான ருவன்வெல்லவிலிருந்து அவர் அரசாங்க சபைக்குத் தெரிவானார்.

வாக்கு உள்ளவரின் நோய் அரசியல்வாதிக்குக் கேட்கத் தொடங்கியது. அதன் பின்னர் கிராமத்து டிஸ்பென்சரிகளும் சிறு வைத்தியசாலைகளும் கூடிக்கொண்டே வந்தன. சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் ஐவர் ஜெனிங்ஸ் தலைமையிலான சமூக சேவைகள் ஆணைக்குழு இந்தச் செலவுகளை எல்லாம் ஆராய்ந்து 1947இல் அறிக்கை தந்தது. சமூகக் காப்புறுதி நமக்குப் பொருந்துமா என்ற கேள்வி அன்றே மேசைக்கு வந்துவிட்டது. கடைசியில் இலங்கை தெரிந்தெடுத்த வழி காப்புறுதி அல்ல, பொதுவரி. 1951இல் அரச வைத்தியசாலைகளில் அறவிட்டு வந்த கட்டணங்கள் எடுக்கப்பட்டன.

அதே 1951இல் பிரித்தானியாவில் என்ன நடந்தது தெரியுமா? 1948இல் எல்லாருக்கும் இலவசமாகத் தொடங்கிய தேசிய சுகாதார சேவையில், மூக்குக் கண்ணாடிக்கும் பொய்ப்பல்லுக்கும் காசு வாங்க அரசு முடிவெடுத்தது. கொரிய யுத்தத்துக்கு ஆயுதம் வாங்கக் காசு வேண்டும் என்பது காரணம். அந்தச் சேவையை உருவாக்கிய அமைச்சர் அனூரின் பெவன் பதவியை எறிந்துவிட்டு வெளியேறினார். அதே யுத்தத்தால்தான் நம் நாட்டு இறப்பருக்கு நல்ல விலை கிடைத்து, நம் திறைசேரி நிறைந்திருந்தது. ஆண்ட நாடு கட்டணம் வைத்த ஆண்டில், ஆளப்பட்ட நாடு கட்டணத்தை எடுத்தது.

ஆனால் இறப்பர் விலை என்றைக்கும் ஏறியே இருக்குமா? 1953இல் அரிசிக் கொத்தின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக்கியபோது நாடே ஹர்த்தாலில் இறங்கியது. பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி விலகினார். நலன்புரிச் செலவில் கைவைப்பது நெருப்பில் கைவைப்பது என்று அன்றிலிருந்து எல்லாக் கட்சிகளுக்கும் தெரியும்.

*25 சதம்*

இனி நம் கதைக்கு வருவோம். 1970இல் ஐக்கிய முன்னணி அரசாங்கம் பெரும் வெற்றியோடு வந்தது. கூப்பன் அரிசியில் ஒரு கொத்து இலவசம், இரண்டாவது கொத்து 75 சதம் என்று கொடுத்தார்கள். நிதி அமைச்சர் வேறு யாருமல்லர். நம் பருப்பு மாத்தயா, என். எம். பெரேராதான்.

அவர் பெட்டகத்தைத் திறந்து பார்த்தபோது உள்ளே ஒன்றும் இல்லை. தேயிலை விலை விழுந்திருந்தது. வெளிநாட்டுச் செலாவணி இல்லை. 1971 ஏப்ரலில் கிளர்ச்சி வெடித்து, அதை அடக்கவும் பெரும் செலவானது. அந்த ஆண்டில்தான் அரச வைத்தியசாலைகளின் வெளிநோயாளர் பிரிவில் துண்டு எடுக்க 25 சதம் என்று கட்டணம் வந்தது.

அன்றைய அரசின் நியாயத்தையும் நாம் சொல்லவேண்டும். 25 சதம் யாருக்குப் பெரிய காசு? தேவையில்லாமல் வந்து வரிசையில் நிற்பவர்கள் குறைவார்கள், வைத்தியருக்கு உண்மையான நோயாளியைப் பார்க்க நேரம் கிடைக்கும், திறைசேரிக்கும் கொஞ்சம் காசு வரும். இன்று தேநீர்க் கடையில் கேட்கும் நியாயம் இதுதானே?

நடந்தது என்ன? வருகை குறைந்தது, கணிசமாகவே குறைந்தது. ஆனால் குறைந்தவர்கள் யார் என்பதுதான் கேள்வி. 25 சதம் என்பது இரண்டாவது கொத்து அரிசியில் மூன்றில் ஒரு பங்கு. உம்மாவுக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் ஒரே நேரத்தில் காய்ச்சல் என்றால் ஒரு ரூபா. அதோடு பஸ் காசு. அதோடு அன்றைய நாட்கூலி இல்லை. கடைக்காரருக்கு இது ஒரு கணக்கே இல்லை. ரத்தோட்டை மலையில் கொழுந்து பறிப்பவருக்கும், உக்குவளையில் பீடி சுற்றி வயிறு வளர்த்தவருக்கும் அது கணக்கு. அப்படிப்பட்டவர், "நாளைக்குப் பார்ப்போம், கொத்தமல்லி அவித்துக் குடி" என்பார். கட்டணத்துக்கு நோயை எடைபோடத் தெரியாது. அது எடைபோடுவது பையை மட்டும்தான். தேவையில்லாதவரை நிறுத்துவதற்காக வைத்த கட்டை, காசில்லாதவரை நிறுத்தியது.

கிடைத்த வருமானமோ சுகாதாரச் செலவுக்கு முன் சில்லறை. சதம் சதமாக வாங்கி, எண்ணி, பற்றெழுதி, கணக்குக் காட்டவும் ஆள் வேண்டுமே! 1977இல் புதிய அரசாங்கம் வந்ததும் அந்தக் கட்டணம் எடுக்கப்பட்டது. அந்தத் தேர்தலில் என். எம். பெரேரா தன் ஆசனத்தையே இழந்தார். அதற்கு வரிசைகள், தட்டுப்பாடு என்று காரணங்கள் பல. 25 சதம் ஒன்றுதான் காரணம் என்று சொல்வது நியாயமல்ல. ஆனாலும் பருப்புக் கொடுத்த கையே 25 சதத்தையும் கேட்டது என்பதை நாம் மறக்கக் கூடாது. நல்ல மனிதர்களும் கணக்குப் புத்தகத்தின் முன் உட்கார்ந்தால் நோயாளியிடம்தான் முதலில் கைநீட்டுகிறார்கள்.

*அதே ஆண்டு, அதே அரசு, வேறு வழி*

இந்தக் கதையில் நம் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டிய பகுதி இதுதான். அதே 1971இல், அதே அரசாங்கத்தில், செலவைக் குறைக்க இன்னொரு வழியும் முயன்று பார்க்கப்பட்டது. பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சேனக பிபிலேயும், முன்பு ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்ன அந்த வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் சேர்ந்து ஓர் அறிக்கை எழுதினார்கள். அவர்கள் கேட்டது வேறு கேள்வி. "நோயாளி ஏன் இத்தனை பேர் வருகிறார்கள்?" என்று அவர்கள் கேட்கவில்லை. "மருந்துக்கு ஏன் இவ்வளவு விலை கொடுக்கிறோம்?" என்று கேட்டார்கள்.

ஒரே மருந்து பத்துப் பெயர்களில், பத்து விலைகளில் வந்துகொண்டிருந்தது. 2,000க்கு மேற்பட்ட மருந்துப் பெயர்கள் புழக்கத்தில் இருந்தன. உண்மையில் தேவையானவை ஏறத்தாழ 600 என்று பட்டியலிட்டார்கள். வர்த்தகப் பெயரை விட்டு மருந்தின் சொந்தப் பெயரில், உலகச் சந்தையில் கேள்விப்பத்திரம் கோரி, நாட்டுக்காக ஒரே இடத்தில் வாங்கினால் விலை விழும் என்றார்கள். அதற்காக அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் அமைக்கப்பட்டது. பிபிலே அதன் முதல் தலைவர். இன்று நாம் துண்டோடு போய் நிற்கும் ஒசுசல மருந்துக் கடைகள் அந்தக் கூட்டுத்தாபனத்தினுடையவைதான்.

பல மருந்துகளின் விலை உண்மையிலேயே விழுந்தது. பன்னாட்டு மருந்து நிறுவனங்கள் எதிர்த்தன. பிறகு அந்தத் திட்டம் பல இடங்களில் தளர்த்தப்பட்டது. ஆனால் யோசனை சாகவில்லை. உலக சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துப் பட்டியலை 1977இல் வெளியிட்டது. அதே ஆண்டில் பிபிலே தென் அமெரிக்காவின் கயானாவில் காலமானார். நம் நாட்டில் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டம் வர 2015 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2016இல் 48 மருந்துகளுக்கு உச்ச விலை வைத்தபோது பிரஷர், சீனி வருத்தக்காரர்களின் மாதச் செலவு குறைந்தது நமக்கே தெரியும்.

ஆக, ஒரே நெருக்கடியில் இரண்டு வழிகள். ஒன்று நோயாளியைக் குறைத்தது. மற்றது விலையைக் குறைத்தது. முதலாவதை ஆறு ஆண்டில் கைவிட்டோம். இரண்டாவதை உலகம் எடுத்துக்கொண்டது.

*காப்புறுதி என்றால்?*

"சரி, கட்டணம் வேண்டாம், காப்புறுதி போடலாமே?" இதுவும் நியாயமான கேள்வி. காப்புறுதி நமக்கு அந்நியமான விஷயம் அல்ல. நம் மஹல்லாவின் ஜனாஸா சங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மாதம் ஒரு சந்தா. யார் வீட்டில் மவுத்து நடந்தாலும் கபன் துணியிலிருந்து கப்று வரை சங்கம் பார்க்கும். ஒரு குடும்பத்தின் மேல் விழும் பாரத்தை எல்லாரும் சேர்ந்து தூக்குகிறோம். அவ்வளவுதான். வட்டி, நிச்சயமின்மை பற்றிய மார்க்கக் கேள்விகளால் சாதாரணக் காப்புறுதியைத் தவிர்ப்பவர்கள் தகாபுல் பக்கம் போவதும் இந்தப் பரஸ்பர உதவி என்ற அடிப்படையில்தான்.

ஜெர்மனியில் பிஸ்மார்க் 1883இல் தொழிலாளருக்கு இப்படி ஒரு திட்டத்தைச் சட்டமாக்கினார். முதலாளி ஒரு பங்கு, தொழிலாளி ஒரு பங்கு. அமெரிக்காவில் ட்ரூமன் 1945இல் எல்லாருக்கும் காப்புறுதி கேட்டுத் தோற்றார். முதியவர்களுக்கும் ஏழைகளுக்கும் மட்டும் 1965இல் கிடைத்தது. 2010இல் ஒபாமா கொண்டுவந்த சட்டத்துக்கு நடந்த சண்டை நமக்கு ஞாபகம் இருக்கிறது. அந்த நாடு தன் மொத்தத் தேசிய உற்பத்தியில் ஏறத்தாழ 17 வீதத்தைச் சுகாதாரத்துக்குச் செலவழிக்கிறது. நாம் அரசும் தனியாரும் சேர்த்து ஏறத்தாழ 4 வீதம். இரு நாட்டு மக்களின் ஆயுட்காலமோ கிட்டத்தட்ட ஒன்றுதான்.

ஜெர்மன் முறை நமக்கு ஏன் இலகுவாகப் பொருந்தாது? சந்தா பிடிக்கச் சம்பளப் பட்டியல் வேண்டும். எங்களைப் போன்ற ஆசிரியர்களுக்கு அது உண்டு. அக்ரஹாரவுக்கு மாதாமாதம் கழிக்கிறார்கள், நோய் வந்தால் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கிறது. ஆனால் மிளகு பறிப்பவர், மேசன் பாஸ், முச்சக்கரவண்டி ஓட்டுபவர், நடைபாதையில் துணி விற்பவர் ஆகியோரிடம் யார் எதைக் கழிப்பது? நாட்டில் உழைப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் இப்படிப்பட்டவர்கள். அவர்களுக்கான சந்தாவை அரசே கட்டவேண்டும் என்றால், அதுவும் வரிப்பணம்தான். வந்த இடத்துக்கே திரும்பி வந்துவிட்டோம். நடுவில் ஒரு நிருவாகச் செலவு மட்டும் கூடியிருக்கும்.

தனியார் காப்புறுதியோ இலாபக் கணக்கில் நடப்பது. வயது கூடினால் கட்டணம் கூடும். ஏற்கெனவே உள்ள நோய்க்குப் பெரும்பாலும் இடமில்லை. வில்கமுவப் பக்கத்தில் சிறுநீரக நோயோடு வாழும் விவசாயியை எந்தக் கம்பனி தேடி வரும்? அவருக்கு இரத்தச் சுத்திகரிப்புச் செய்வது அரச வைத்தியசாலைதான்.

இலவசம் என்ற சொல்லே நம்மை ஏமாற்றுகிறது. 2024 ஜனவரியிலிருந்து வற் வரி 18 வீதம். போனுக்கு ரீலோட் போடும் பிள்ளை கட்டுகிறது. சோப்பு வாங்கும் கைம்பெண் கட்டுகிறார். வருமான வரி கட்டாதவர் உண்டு, வரியே கட்டாதவர் இந்த நாட்டில் இல்லை. ஆகவே அரச வைத்தியசாலை என்பது நாட்டு மக்கள் எல்லாரும் அங்கத்தவராக உள்ள மிகப் பெரிய ஜனாஸா சங்கம் மாதிரி. மவுத்துக்கு அல்ல, ஹயாத்துக்கு. சுகமாக இருக்கும் நாளில் கட்டுகிறோம், நோயான நாளில் எடுக்கிறோம். கட்டணம் என்பது இதைத் தலைகீழாக்கி, நோயான நாளில் கட்டச் சொல்வது. கெய்ரோவில் 1280களில் சுல்தான் கலாவூன் கட்டிய மாரிஸ்தான், பணக்காரர் ஏழை எல்லாருக்கும் கட்டணமின்றித் திறந்திருந்தது. அதன் செலவை வக்ஃபுச் சொத்துகள் தாங்கின. வாசலில் காசு கேட்காமல் இருக்க, உள்ளே காசு வர ஒரு வழி இருக்க வேண்டும் என்பது அவர்களுக்கும் தெரிந்திருந்தது.

*அப்படியானால் அந்தத் துண்டு?*

அப்படியானால் ஜும்ஆ வாசலில் துண்டு ஏன் விரிக்கிறோம்? வாசலில் 25 சதம் இல்லை என்பதால் கட்டணமே இல்லை என்று ஆகிவிடாது. "இந்த மருந்து இங்கே இல்லை, வெளியே எடுங்கள்", "இந்த ஸ்கேனை வெளியே செய்துகொண்டு வாருங்கள்", "சத்திரசிகிச்சைக்கு இன்னும் பல மாதம் செல்லும்" என்று கேட்காத குடும்பம் நம்மில் உண்டா? 2022இல் நாடு கடன் கட்ட முடியாமல் நின்றபோது நூலும் கையுறையும்கூட வாங்கிவரச் சொன்னார்கள். நாட்டின் மொத்தச் சுகாதாரச் செலவில் ஏறத்தாழப் பாதி இப்படி மக்களின் பையிலிருந்தே போகிறது. சட்டம் போடாமல், பாராளுமன்றத்தில் விவாதிக்காமல் நம்மிடம் வாங்கப்படும் கட்டணம் இது. 25 சதத்தை எதிர்த்துக் கேட்க ஒரு அமைச்சர் இருந்தார். இதைக் கேட்க யாரும் இல்லை.

ஆகவே அடுத்த முறை யாராவது "இலவசத்தை நிறுத்தினால்தான் நாடு உருப்படும்" என்றாலும், "எல்லாருக்கும் காப்புறுதி" என்றாலும் கோபப்படாமல் இரண்டு கேள்வி கேட்போம். சம்பளப் பட்டியல் இல்லாதவருக்கு யார் கட்டுவது? நோயாளியிடம் கை நீட்டுமுன் மருந்தின் விலையையும், கொள்வனவில் ஒழுகிப் போகும் காசையும் பார்த்தாயிற்றா? தேர்தல் காலத்தில் நம்மிடம் வாக்குக் கேட்டு வருபவர்களிடமும் இதையே கேட்போம். கோப்பிக் காலத்துத் தொழிலாளியிடம் இல்லாத வாக்கு நம்மிடம் இருக்கிறது.

ஜும்ஆ வாசலில் நாம் போடும் நூறு ரூபாவை நிறுத்தச் சொல்லவில்லை. அது ஸதகா, அதன் கூலி அல்லாஹ்விடம். ஆனால் ஸதகாவால் ஒரு நோயாளியைக் காப்பாற்றலாம். வரிசையில் நிற்கும் அத்தனை பேரையும் காப்பாற்ற நம் வரிப்பணம் சரியாகச் செலவாக வேண்டும்.

ஒரு வேண்டுகோள். 1971க்கும் 1977க்கும் இடையில் 25 சதம் கொடுத்துத் துண்டு எடுத்த பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், இன்றிரவே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். காசில்லாமல் பாதி வழியில் திரும்பி வந்தவர்கள் இருந்தால் அதையும் கேளுங்கள். கீழே எழுதுங்கள், நம் மாணவர்களுக்கு வாசித்துக் காட்டுவோம். அந்தத் தலைமுறை போய்விட்டால் இந்தச் சின்ன வரலாற்றைச் சொல்ல ஆளிருக்காது.

நோயாளிகள் அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தந்தருள்வானாக. ஆமீன்.